நான் இடித்த முப்பத்தோரு அடுப்புகள்

என் வாழ்நாளில் நான் முப்பத்தோரு அடுப்புகளை இடித்திருக்கிறேன். எல்லாம் அடுத்தவர் வீட்டு அடுப்புகள். எல்லாம் நன்றாக எரிந்துகொண்டிருந்தவை. கோபத்தில் இடிக்கவில்லை, குடித்துவிட்டும் இடிக்கவில்லை. இரண்டே நாளில், அலுவலக நேரத்துக்குள், ஒவ்வொன்றையும் உரிய பதிவேட்டில் பதிந்து, வீட்டுக்காரியின் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு, முறைப்படி இடித்தேன். செய்கிற குற்றத்தைக்கூட மூன்று நகல் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு அந்த வயதிலேயே வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. தென்காசிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் விரிவாக்க அலுவலராகச் சேர்ந்திருந்தேன். படித்தது இயற்பியல், முதுகலை. சூடான காற்று மேலே போகும் என்பதற்குப் பல்கலைக்கழகமே எனக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தது. ஆகவே புகையில்லா அடுப்புத் திட்டம் வந்தபோது ஆணையாளர் யோசிக்காமல் கோப்பை என் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

அப்போது நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். அரசு வேலை பார்க்காதவர்களுக்கு அதை விளக்க வேண்டும். வேலை இருக்கும், ஆனால் அது உங்களுடையது இல்லை. இரண்டு வருடம் உங்களை நிற்கவைத்துப் பார்ப்பார்கள். மேலே இருப்பவர் ஒருவர் 'திருப்திகரம்' என்று எழுதினால் நீங்கள் உட்காரலாம். 'திருப்திகரமாக இல்லை' என்று எழுதினால் வீட்டுக்குப் போகலாம். சுந்தரபாண்டியபுரத்தில் என் அப்பா கண்ணில் பட்டவரிடமெல்லாம் "பையன் ஆபீசராயிட்டான்" என்று சொல்லி முடித்திருந்தார். இன்னும் ஆகவில்லை என்பது எனக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அந்த வருட ஆடியோடு இரண்டு வருடம் முடிய வேண்டும்.

திட்டத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது வடகரைக்குப் போகிற வழியில் ஒரு தெரு. (ஊர்ப்பெயர் வேண்டாம். அந்தப் பெண்கள் இன்னும் நன்றாக இருக்கிறார்கள், ஞாபகசக்தியும் நன்றாக இருக்கிறது.) தெருவில் முப்பத்தோரு வீடு. ஆண்கள் வயலுக்கும் தோப்புக்கும் போனார்கள், சிலர் துபாய்க்குப் போயிருந்தார்கள். பெண்கள் மலையடிவாரத்தில் விறகு பொறுக்கிச் சுமந்து வந்தார்கள். மற்ற நேரமெல்லாம் பீடி இலை பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றினார்கள். பங்குனி வெயிலில், காற்று என்பதே இல்லாத பத்து நாட்களில், இசக்கி கொத்தனாரை வைத்து முப்பத்தோரு வீட்டிலும் அடுப்புப் போட்டுக் கொடுத்தேன். மெட்ராஸிலிருந்து வந்த வரைபடம் என் கையில் இருந்தது. அடுப்பின் உயரம் இவ்வளவு, வாய் இவ்வளவு, புகைக்குழாய் மேற்குச் சுவரைத் துளைத்து வெளியேறி ஓட்டுக்கு மேல் இரண்டடி நிற்க வேண்டும். ஓர் அங்குலம் பிசகவில்லை. புகை சமர்த்தாக மேலே போயிற்று. நான் பதிவேட்டை மூடிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விட்டேன்.

எங்கள் வட்டாரத்தில் அரசு ஆய்வுகளுக்கு ஒரு பருவம் உண்டு. பங்குனியில் மெட்ராஸிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார். ஆனி பிறந்து, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பேப்பரில் வந்த மறுநாள், கால்நடை, கைத்தறி, கூட்டுறவு என்று எல்லாத் துறைகளுக்கும் தென்காசியின் வளர்ச்சி பற்றிக் கவலை வந்துவிடும். பத்தரை மணிக்கு ஆய்வு, ஆறரை மணிக்கு ஐந்தருவி. பயணத் திட்டத்தில் முன்னது மட்டும் இருக்கும்.

அடுப்புத் திட்டத்துக்கும் ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தந்தி வந்தது. ஆணையாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் பேசினார்.

"ஒம்ம அடுப்பப் பாக்கத்தான் வாராரு. ஒம்ம ப்ரொபேஷன் ஃபைலும் அவரு மேசைக்குத்தான் போவுது. ட்ராயிங்ல இருந்து ஒரு இஞ்சு மாறக்கூடாது, பாத்துக்கிடும்."

"மாறாது சார்" என்றேன். பங்குனிக்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் நான் போகவே இல்லை என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மறுநாள் அளவுகோலும் வரைபடமுமாகத் தெருவுக்குப் போனேன். கூட வந்தது சண்முகவடிவு, எங்கள் அலுவலகத்தின் கிராம சேவிகா. என்னைவிட இரண்டு வயது இளையவர். வாரம் இரண்டு நாள் இந்தத் தெருவுக்கு வந்துபோகிறவர். வழியெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சுற்றறிக்கையின் நான்காம் பத்தியை அவருக்கு விளக்கிக்கொண்டே வந்ததால் சொல்ல முடியவில்லை.

முதல் வீடு கோமதி வீடு. முப்பது வயதிருக்கும், தெருவில் வேகமாகப் பீடி சுற்றுகிறவள் என்று பெயர். நான் உள்ளே நுழைந்தபோதும் கை நிற்கவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் மேற்குச் சுவரைப் பார்த்தேன். குழாய் இருக்க வேண்டிய இடத்தில் மண் பூசியிருந்தது.

"கொழாய் எங்கம்மா?"

"அங்கன இருக்குல்லா" என்று தாடையால் கிழக்கே காட்டினாள்.

"யாரு மாத்தினா?"

"மேகாத்து மாத்துச்சு சார்."

"காத்து எப்படிம்மா குழாயைக் கழட்டி மாட்டும்?"

"காத்து மாத்தச் சொல்லிச்சு, நாங்க மாத்துனோம். வைகாசி கடைசில சாரக்காத்து ஆரம்பிச்சுதுல்லா, அன்னைக்கு வெளிய போன புகை பூரா அப்படியே திரும்பி வீட்டுக்குள்ள வந்துட்டு. பிள்ளையள தெருவுல உக்காரவச்சுச் சோறு போட்டேன். சின்னவன் கேக்கான், 'எம்மா, கவர்மெண்டு புகையை அனுப்பி வச்சிருக்கா'ன்னு."

செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற மேகாத்து பற்றி எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அதில்தான் வேட்டி பறந்துகொண்டிருக்கிறது. ஆனால் வரைபடத்தில் காற்று இல்லை. வரைபடத்தில் இல்லாததை நான் எப்படிக் கணக்கில் எடுப்பேன்?

வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். குழாயின் தலையில் ஓர் உடைந்த குடம் கவிழ்ந்திருந்தது. அதில் கிழக்குப் பக்கம் மட்டும் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"அது என்ன?"

எதிர்வீட்டு வாசலில் நின்ற பாத்துமுத்து பதில் சொன்னாள். புருஷன் துபாயில், தெருவில் யார் வீட்டு விவகாரத்துக்கும் முதலில் வந்து நிற்கிறவள். "அது ஏன் யோசனை சார். சாரல் அடிச்சா நாம முக்காட்ட இழுத்து விடுதோம்லா? கொழாய்க்கும் ஒண்ணு போட்டுவிட்டோம். காத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கி பாருங்க."

அடுத்தடுத்த வீடுகளில் என் வரைபடம் கந்தலாகிக்கொண்டே போயிற்று. அடுப்பின் உயரத்தை நான்கு விரற்கடை குறைத்திருந்தார்கள். பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்தபடி விறகைத் தள்ளிவிட அதுதான் தோது. இரண்டாவது வாயை, யார் வீட்டில் எந்தப் பாத்திரமோ அதற்கேற்ப அகலமாக்கியோ சுருக்கியோ இருந்தார்கள். குழாயை ஒட்டி ஒரு மண்தட்டு எழுப்பி, அதில் சுற்றிய பீடியை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சாரல் மாதங்களில் பீடி நமத்துப்போகும், கடையில் கழித்துவிடுவார்கள். குழாய்ச் சூட்டில் இப்போது ஒரு பீடியும் நமக்கவில்லை.

இதில் எதையும் ஒருத்தி உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. ஒரு வீட்டில் காலையில் செய்தது மாலைக்குள் அடுத்த வீட்டுக்கு வந்துவிடும். அடுத்த வீட்டுக்காரி அதை அப்படியே செய்ய மாட்டாள். ஒரு விரல் கூட்டுவாள், அல்லது குறைப்பாள். அது நன்றாக அமைந்துவிட்டால் முதல் வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, எங்கிட்ட கத்துக்கிட்டு எனக்கே காட்டுதியா" என்று வைதுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன்னுடையதையும் திருத்திக்கொள்வாள். இப்படியே ஒரு மாதத்தில் அந்த அடுப்பு முப்பத்தோரு வீட்டையும் பல தடவை சுற்றி வந்திருந்தது. வாரத்துக்கு மூன்று நடை மலைக்குப் போனவர்கள் இப்போது இரண்டு நடையோடு நிறுத்திக்கொண்டார்கள். இவ்வளவும் இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அனுமதியற்ற மாறுதல்கள், முப்பத்தோரு எண்ணம்.

"இதையெல்லாம் யார் அப்ரூவ் பண்ணினது?" என்று வடிவிடம் கேட்டேன்.

அவர் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். எந்த வீட்டில் என்ன மாற்றம், யார் யோசனை, என்ன பலன் என்று தேதி வாரியாக எழுதியிருந்தது. "இதத்தான் சார் வழியெல்லாம் சொல்ல வந்தேன். அடுப்பு எரியுது, புகை இல்ல. இதுக்கு மேல என்ன அப்ரூவல்?"

"இந்த நோட்டு அலுவலகப் பதிவேடா?"

"இல்ல சார், நான் கடைல வாங்கினது."

"அப்ப இது இல்லை" என்றேன்.

(அந்த வாக்கியத்துக்கு என் வீட்டில் இன்றைக்கும் தனி மரியாதை உண்டு.)

ஆய்வுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இசக்கி கொத்தனாரைப் பிடித்து வந்தேன். என் அப்பா வயது. கரண்டியை எடுக்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், எரியுத அடுப்ப இடிக்கச் சொல்லுதீய. பாவம் சார்."

"பாவம் என் பொறுப்பு அண்ணாச்சி. மண் உங்க பொறுப்பு."

பெண்கள் தடுப்பார்கள், சண்டை வரும் என்று ஒரு பேச்சைத் தயார்செய்து வைத்திருந்தேன். சண்டையே வரவில்லை. கோமதி பீடியை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, "இடிச்சுக்கிடுங்க சார்" என்றாள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனிடம் பேசுகிற குரலில். என் வாதத் திறமைக்கு முன்னால் தெருவே அடங்கிவிட்டது என்று நினைத்தேன். உண்மை பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முந்தின நாள் வடிவு அவர்களிடம் என் நிலைமையைச் சொல்லியிருக்கிறார். தெரு கூடிப் பேசியிருக்கிறது. "ஒத்தப் பிள்ளையாம். வேலை போயிட்டா அந்த ஆத்தா என்ன செய்வா? ரெண்டு நாளு புகையத் தின்னுட்டுப் போவோம், அவரு போனதும் மாத்திக்கிடலாம்" என்று முடிவாகியிருக்கிறது. என் உத்தியோகம் முப்பத்தோரு பீடி சுற்றும் பெண்களின் இரக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நானோ கையில் அளவுகோலுடன் வீறுநடை போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை ஐந்தரைக்கு, முப்பத்தோரு குழாயும் மேற்கே திரும்பியிருந்தன. மண்தட்டுகள் போயின. குடங்கள் இறங்கின. உயரம், வாய் எல்லாம் வரைபடப்படி. நான் ஒன்றில்கூடத் தீ மூட்டிப் பார்க்கவில்லை. மூட்டிப் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இல்லை.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு ஜீப் வந்தது. அதிகாரி வெள்ளைச் சஃபாரி உடையில் இறங்கினார். தலைமுடி ஈரம் காயவில்லை, முகத்தில் அருவியில் குளித்தவருக்கே உரிய கருணை. அவருக்குப் பின்னால் ஆணையாளர். தெருவே கூடியிருந்தது. சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. காற்று இல்லை. என் நல்ல நேரம் என்று நினைத்தேன்.

மாதிரி வீடாக நான் குறித்து வைத்திருந்தது கோமதி வீடு. குனிந்து உள்ளே போனோம்: அதிகாரி, ஆணையாளர், நான், வடிவு, அடுப்பருகே கோமதி. சமையல்கட்டில் ஒரே ஒரு சன்னல்.

"பத்த வைங்கம்மா" என்றேன்.

கோமதி என்னைப் பார்த்தாள். "சார், காத்து வாரதுக்குள்ள பாத்துட்டுப் போயிருங்க."

"காற்றுக்கும் அடுப்புக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டு, துண்டுப் பிரசுரத்தை விரித்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். முதல் பத்தி நன்றாகப் போயிற்று. தீ பிடித்தது. புகை குழாய்க்குள் போனது. அதிகாரி தலையாட்டினார். இரண்டாம் பத்தியின் நடுவில் வெளியே தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்கிற சத்தம் கேட்டது.

மேகாத்து குழாய் வழியாக இறங்கியது. முதலில் ஒரு பெருமூச்சு போல. பிறகு, பங்குனியிலிருந்து குழாயில் படிந்திருந்த கரி அத்தனையும் ஒரே கட்டியாக அடுப்பு வாயிலிருந்து வெளியே வந்தது. அதன் பின்னாலேயே புகை. ஒரு விறகுக்கு இவ்வளவு புகை உண்டு என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. எதிரில் நின்ற அதிகாரி மங்கினார். பிறகு காணாமல்போனார்.

"மிஸ்டர், என்ன இது?" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

"தொடக்கநிலைப் புகை சார். குழாய் சூடானதும் சரியாகிவிடும்" என்றேன். என்ன செய்வதென்று தெரியாதபோது நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன்: மேற்கொண்டு வாசித்தேன். "இவ்வகை அடுப்பில், புகை முழுவதும், குழாய் வழியே, வெளி..." அதற்கு மேல் இருமல்.

தெருக்கோடியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஓட்டு இடுக்கெல்லாம் புகை கசிகிற ஒரு வீடுதான் தெரிந்திருக்கும். "ஏ, கோமதி வீடு பத்திக்கிட்டு!" என்று யாரோ கூவினார்கள். தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிற நேரம்; எல்லா வீட்டிலும் குடங்கள் நிறைந்திருந்தன. கண்ணைக் கசக்கியபடி அதிகாரி வாசலுக்குத் தலையை நீட்டிய அதே நொடியில் முதல் குடம் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அவருக்கே. நான்காவது ஆணையாளருக்கு. பதவி வரிசை தவறவில்லை. எனக்குக் கிடைத்தது ஐந்தாவது. அதில் பாதிதான் தண்ணீர், மீதி மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்.

வெள்ளைச் சஃபாரி கறுப்பும் சாம்பலுமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆணையாளர் என்னைப் பார்த்த பார்வையில் என் தகுதிகாண் பருவம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அப்பா யார் யாரிடமெல்லாம் போய்ச் சொல்லைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும் என்று நான் மனத்துக்குள் பட்டியல் போடத் தொடங்கினேன்.

அப்போது கோமதி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏட்டி, நின்னு வேடிக்கையா பாக்கிய? வாங்க!"

அடுத்த கால்மணி நேரத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஒருத்தி கடப்பாரையோடு கிழக்குச் சுவருக்குப் போனாள். நான் முந்தின நாள் அடைத்த மண் ஈரம் காயாமல் அப்படியே பொலபொலத்து விழுந்தது. இரண்டு பேர் மேற்கே குழாயை உருவினார்கள். ஒருத்தி மண் குழைத்தாள், ஒருத்தி ஓட்டையை அடைத்தாள். பாத்துமுத்து தன் வீட்டுக் கொல்லையில் பத்திரமாக வைத்திருந்த உடைந்த குடத்தைக் கொண்டுவந்து, ஏணியில் ஏறி, காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தாள். "இன்னும் கொஞ்சம் வடக்க திருப்புட்டீ" என்று கீழே இருந்து ஒரு குரல். "எனக்குத் தெரியும், நீ ஏணியப் பிடி" என்று மேலே இருந்து ஒரு குரல். நான் உதவப் போனேன். "சார், நீங்க அங்கன நில்லுங்க, காலுல மண்ணு ஒட்டும்" என்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள். முப்பத்தைந்து வருட வேலையில் எத்தனையோ குழுக்களைப் பார்த்திருக்கிறேன். தலைவர், செயலாளர், தீர்மானப் புத்தகம் எல்லாம் உள்ள குழுக்கள். இப்படி ஒன்றை மறுபடி பார்க்கவில்லை.

கோமதி தீ மூட்டினாள். வெளியே மேகாத்து ஓடுகளைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு இழை புகை இல்லை. அந்த அடுப்பிலேயே கருப்பட்டிக் காப்பி கொதித்தது. அதிகாரி கோமதி புருஷனின் நீலக்கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு, மேலே துண்டைப் போர்த்தி, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் குடித்தார். பெண்கள் சொன்னதையெல்லாம் கேட்டபடியே குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

"மூணு நாளைக்கு முன்னாடி இது இப்படித்தான் இருந்ததா?"

"ஆமாம் சார்."

"புகை?"

"இல்லை சார்."

"பின்னே ஏன் இடிச்சீங்க?"

"ட்ராயிங்ல மேற்குன்னு இருந்தது சார்." கையிலிருந்த நனைந்த வரைபடத்தை ஆதாரமாக நீட்டினேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது நான் வரைஞ்சது" என்றார்.

ஆணையாளர் இருமினார். புகையினால் அல்ல.

"மெட்ராஸ்ல கடல்காத்து கிழக்க இருந்து வரும். அதான் குழாயை மேற்க போட்டேன்" என்றார் அதிகாரி, கோமதியிடம், கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"அதுனால என்ன சார். அங்கன இருந்து பாத்தா இங்கன அடிக்க காத்து தெரியுமா? ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாம்" என்றாள் கோமதி, அவர் டம்ளரை மறுபடி நிரப்பிக்கொண்டே. "பீடி சுத்துதவளுக்குப் புகை எந்தப் பக்கம் போவும்னு தெரியாதா?"

சிரித்தது அதிகாரிதான். அதற்குப் பிறகுதான் தெருவுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. பகல் முழுக்க அவர் அங்கேயே இருந்தார். வடிவின் நாற்பது பக்க நோட்டை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு பெண்கள் சொல்லச் சொல்ல, புதிய வரைபடம் ஒன்றை வரையும்படி எனக்கு உத்தரவிட்டார். "நாலு விரக்கடைன்னா எத்தனை இஞ்சு?" என்று நான் கேட்டபோது நான்கு பெண்கள் நான்கு விதமாக விரலை நீட்டினார்கள். "அப்ப அவங்கவங்க விரல்னே எழுதுங்க" என்றார் அதிகாரி. அரசு வரைபடத்தில் அப்படியே எழுதினேன். வடிவமைத்தவர் பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் பெரிய வாக்குவாதம். கோமதி பாத்துமுத்து பெயரைச் சொன்னாள், பாத்துமுத்து அடுத்த வீட்டுக்காரியைக் கைகாட்டினாள், அவள் இன்னொருத்தியை. கடைசியில் 'தெருவார்' என்று எழுதச் சொன்னார்கள். அந்த வருடமே மேகாத்து அடிக்கிற ஊர்களுக்கெல்லாம் அந்த வரைபடம்தான் போயிற்று.

என் விஷயத்துக்கு வருகிறேன். வேலை போகவில்லை. போயிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆய்வுக் குறிப்பில் அதிகாரி இப்படி எழுதினார்: இந்த அலுவலரின் தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது, இவர் இடித்த அடுப்புகளைப் பயனாளிகளின் விருப்பப்படி தம் கையாலேயே திரும்ப அமைக்க வேண்டும், பயனாளிகள் திருப்தி தெரிவித்துக் கையெழுத்திட்ட பிறகே தகுதிகாண் பருவ நிறைவு குறித்துப் பரிசீலிக்கப்படும்.

எந்த விதியின் கீழ் அப்படி எழுதினார் என்று அன்றிலிருந்து தேடுகிறேன். கிடைக்கவில்லை. ஆணையாளர் ஆய்வுக் குறிப்பில் உள்ள எதையும் விடாமல் நிறைவேற்றுகிறவர். அவரிடம் வாதாட முடியாது. (அவரைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை?)

ஆறு மாதம் அந்தத் தெருவில் மண் குழைத்தேன். இசக்கி அண்ணாச்சி கல்லின் மேல் உட்கார்ந்து, "சார், அது சுவரா, நாய் படுக்கதுக்குத் திண்டா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் கட்டியதை ஒவ்வொருத்தியும் வந்து பார்த்து, தலையாட்டி, ஒரு விரல் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவாள். கடைசி அடுப்பு முடிந்த அன்று கையெழுத்துக் கேட்டேன். கோமதி மற்றவர்களைப் பார்த்தாள். "அடுப்பு வச்சாப் போதுமா? சமைச்சுக் காட்டுங்க, அப்பத்தான் திருப்தியா இல்லையான்னு தெரியும்" என்றாள். நான் என் வாழ்க்கையின் முதல் சோற்றை, முப்பத்தோரு தேர்வாளர்கள் முன்னிலையில், நான் கட்டிய அடுப்பில் பொங்கினேன். குழம்பும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு அவர்கள் தனியாகப் போய்ப் பேசினார்கள். பிறகு கோமதி சொல்ல, வடிவு முத்துமுத்தாக எழுதினார்:

'சார் அடுப்பைச் சரியாக வைத்துக் கொடுத்தார். புகை இல்லை. சோறு குழைந்துவிட்டது. குழம்பில் உப்பு இல்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிறார். வேலையில் வைத்துக்கொள்ளலாம்.'

கீழே முப்பத்தோரு கையெழுத்தும் கைரேகையும். ஆணையாளர் அதை அப்படியே இணைத்து அனுப்பினார். 'திருப்திகரம்' என்று ஆணை வந்தது. அது என் பணிப்பதிவேட்டில் ஒட்டப்பட்டது. கூடவே அந்தக் காகிதமும். மறு வருடம் வடிவை எனக்குக் கட்டிவைத்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று, "சார் பத்தி நான் தனியா விசாரிக்க வேண்டியதில்ல, எழுதிக் கொடுத்ததே நாந்தான்" என்று அவள் சொன்னதாக மாமனார் சொன்னார்.

வீட்டில் நான் எதையாவது பிடிவாதம் பிடித்தால், என் மகள் சமையல்கட்டிலிருந்து அந்தக் கடிதத்தின் கடைசிக்கு முந்தின வரியைப் பாராயணம் செய்வாள். மருமகன் வந்த முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டார். அவருக்கு அதில் என்ன அக்கறை என்று எனக்குப் புரியவில்லை.

நான் ஓய்வுபெற்றபோது ஓய்வூதியத் தாள்களைச் சரிபார்க்க, மனைவியுடன் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண். என் பணிப்பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ஒரு தடவை வாசித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள்.

"சார், இதுல 'சொன்னால் கேட்டுக்கொள்கிறார்'னு ஒரு பதிவு இருக்கு. இதச் சரிபாத்ததா எங்கயும் இனிஷியல் இல்லியே?"

முறைப்படி சரியான கேள்வி. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து வடிவு சொன்னாள்:

"எழுதினது நாந்தாம்மா. சரிபாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னும் முடியல."